உயிரித் தகவலியலில் மேற்படிப்பு: எந்தத் துறையில் சேர்வது?

கணினியும் பிடிக்கும், மரபியலும் பிடிக்கும், இரண்டையும் சேர்த்து மேற்படிப்பு படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு அதன் பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரே மாதிரி வேலைக்குக் கொண்டுபோய் விடும் பட்டங்கள் நான்கைந்து இருக்கின்றன. உயிரித் தகவலியல் (உயிரியல் தரவைக் கணினி கொண்டு பகுப்பாய்வது) என்றே பெயர் கொண்ட எம்.எஸ்சி. ஒன்று. கணினி அறிவியலில் சேர்ந்து, ஆய்வேட்டை மட்டும் ஜீனோம் (ஓர் உயிரியின் முழு டிஎன்ஏ) தரவில் செய்வது இன்னொன்று. மரபியல் அல்லது மூலக்கூறு உயிரியலில் சேர்ந்து, கணினிப் பகுப்பாய்வில் ஆய்வேடு எழுதுவது மூன்றாவது. புள்ளியியல் துறை வழியாக மரபியலுக்குள் வருவது நான்காவது. முதுநிலையே வேண்டாம், நேரே பிஎச்.டி. சேர்ந்துவிடலாமா என்ற கேள்வியும் கூடவே நிற்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டத்தின் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இந்தத் துறைக்குத் தேவையானவற்றில் எதை உங்களால் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாதோ, அதை நன்றாகச் சொல்லித்தரும் இடத்தில் சேருங்கள். மற்றதை நீங்களே தேற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு அந்த முடியாத பகுதி ஆய்வக அனுபவமாக இருக்கும், இன்னொருவருக்கு நிகழ்தகவாக இருக்கும். அதனால்தான் நண்பருக்குச் சரிப்பட்ட பட்டம் உங்களுக்குச் சரிப்படாமல் போகிறது.

இந்தத் துறையை வளர்த்தவர்கள் பல திசைகளிலிருந்து வந்தவர்கள். அன்று தெரிந்திருந்த புரத வரிசைகளை 1965-ல் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்த மார்கரெட் டேஹாஃப் குவாண்டம் வேதியியலில் ஆராய்ச்சி செய்தவர். அந்த முதல் தொகுப்பில் இருந்தவை 65 புரதங்கள்தான். 2000-ல் மனித ஜீனோமின் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் நிரலை நான்கே வாரத்தில் எழுதிய ஜிம் கென்ட், கணினி அனிமேஷனுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் உயிரியல் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவுக்காக 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஜான் ஜம்பரின் முனைவர் பட்டம் வேதியியலில், டெமிஸ் ஹசாபிஸின் முனைவர் பட்டம் நரம்பு அறிவியலில். ஒரு துறையில் ஆழமாக இறங்கிவிட்டு, அங்கிருந்து அடுத்த துறைக்கு வந்தவர்கள் இவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

உயிரித் தகவலியல் எம்.எஸ்சி.யின் பெரிய பலம், இரண்டு பக்கத்தையும் ஒரே கூரையின் கீழ் சொல்லித்தருவார்கள் என்பது. உடன் படிப்பவர்களில் பாதிப் பேர் உயிரியலிலிருந்தும் பாதிப் பேர் கணினியிலிருந்தும் வந்திருப்பார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே நிறையக் கற்பார்கள். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஓரிரு ஆண்டுகளுக்குள் இரண்டு துறைகளின் அடிப்படையையும் அடைக்கப் பார்க்கும்போது இரண்டுமே மெலிந்துபோகலாம். இந்தப் பெயரில் நடக்கும் படிப்புகளுக்குள் தர வேறுபாடு மிக அதிகம். அதைக் கண்டுபிடிக்கப் பாடத்திட்டத்தை எடுத்துவைத்துப் பாருங்கள். வரிசை ஒப்பீட்டுக்கான டைனமிக் புரோகிராமிங் (பெரிய கணக்கைச் சிறு கணக்குகளாகப் பிரித்துத் தீர்ப்பது), மறைநிலை மார்க்கோவ் மாதிரிகள் (நேரில் தெரியாத நிலைகளை ஊகிக்கும் நிகழ்தகவு மாதிரிகள்), வரைபட அல்காரிதங்கள் (புள்ளிகளும் இணைப்புகளுமான வலைகளைக் கையாள்பவை), நிகழ்தகவு ஆகியவை முழுப் பாடங்களாக இருக்கின்றனவா? அல்லது மென்பொருள் பெயர்கள்தான் வரிசையாக வருகின்றனவா?

மென்பொருள் பெயர்களாக நிரம்பிய பாடத்திட்டத்தை நான் தவிர்க்கச் சொல்வேன். ஒரு காலத்தில் ஆர்என்ஏ தரவை (எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று காட்டுவது) ஜீனோமில் பொருத்த எல்லோரும் டாப்ஹாட் என்ற மென்பொருளைத்தான் பயன்படுத்தினார்கள். சில ஆண்டுகளில் அதை உருவாக்கியவர்களே ஹைசாட்2 என்ற புதிய மென்பொருளுக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். டாப்ஹாட்டின் கட்டளைகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்களுக்கு அந்தப் படிப்பு அவ்வளவுதான். ஆனால் இரண்டு வரிசைகளை ஒப்பிட 1981-ல் வந்த ஸ்மித்–வாட்டர்மேன் முறையை ஏன், எப்படி என்று புரிந்துகொண்டவர்களுக்கு அது இன்றும் கை கொடுக்கிறது. புதிதாக எந்தக் கருவி வந்தாலும் அது எங்கே சுருக்குவழி எடுக்கிறது, அதனால் எதைத் தவறவிடும் என்று அவர்களால் கேட்க முடியும்.

அடுத்தது கணினி அறிவியல். இங்கே கிடைக்கும் ஆழம் வேறு எங்கும் கிடைக்காது என்பதற்கு நல்ல உதாரணம் பர்ரோஸ்–வீலர் உருமாற்றம். 1994-ல் அது கோப்புகளைச் சுருக்குவதற்காக வந்தது, உயிரியலோடு எந்தத் தொடர்பும் கிடையாது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2009-ல், போடை, பிடபிள்யூஏ என்ற இரண்டு கருவிகள் அதை எடுத்து ஜீனோமில் பயன்படுத்தின. டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் எந்திரம் கோடிக்கணக்கான சிறு துண்டுகளைக் கொட்டுகிறது. ஒவ்வொன்றும் 300 கோடி எழுத்து நீளமுள்ள மனித ஜீனோமில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். மொத்த ஜீனோமின் அட்டவணையையும் சில ஜிகாபைட் நினைவகத்துக்குள் அடக்கித் தேட வழிசெய்தது அந்தப் பழைய சுருக்கும் முறைதான். இந்த மாதிரித் தொடர்பைக் காண அல்காரிதங்களில் ஊறியிருக்க வேண்டும். வேலைவாய்ப்பிலும் இது பாதுகாப்பான வழி. உயிரியல் ஒத்துவரவில்லை என்றால் மென்பொருள் துறைக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்.

ஆனால் கணினித் துறையிலேயே இருந்து படிப்பவர்களுக்கு டிஎன்ஏ என்பது நான்கு எழுத்தால் ஆன சரமாகவே தோன்ற ஆரம்பித்துவிடும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எலி–மனித ஒப்பீட்டில் நடந்ததைப் பார்க்கலாம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, மனிதத் திசுக்களிலும் எலித் திசுக்களிலும் மரபணுக்கள் எந்த அளவில் வெளிப்படுகின்றன என்று ஒப்பிட்டது. மனித இதயம் எலி இதயத்தைப் போல இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். முடிவு வேறு மாதிரி வந்தது: மனிதத் திசுக்கள் ஒரு கூட்டமாகவும் எலித் திசுக்கள் தனிக் கூட்டமாகவும் பிரிந்தன. பெரிய கண்டுபிடிப்பாகத்தான் தோன்றியது. அடுத்த ஆண்டே இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தரவுக் கோப்புகளில் பதிவாகியிருந்த எந்திர அடையாளங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் வெவ்வேறு தொகுதிகளாக சீக்வென்சிங் செய்யப்பட்டிருந்தன. அந்தத் தொகுதி வேறுபாட்டைக் கணக்கில் எடுத்ததும் திசுக்கள் மறுபடியும் இதயத்தோடு இதயம், மூளையோடு மூளை என்று சேர்ந்துகொண்டன. நிரலில் பிழை எதுவும் இல்லை. மாதிரிகள் எந்த வரிசையில் எந்திரத்துக்குப் போயின என்ற கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. அந்தக் கேள்வி தானாக வாயில் வர வேண்டும் என்றால் சோதனை செய்பவர்கள் பக்கத்தில் சில காலம் உட்கார்ந்திருக்க வேண்டும். பாடம் படித்து மட்டும் இது வராது.

ஆகவே கணினித் துறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆய்வேட்டுக்கு இரண்டாவது வழிகாட்டியாக ஓர் உயிரியலாளர் இருக்க வேண்டும், அவர் பெயரளவில் மட்டும் இருக்கக் கூடாது. அவருடைய ஆய்வகக் கூட்டங்களுக்குப் போக அனுமதி கிடைக்குமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

மரபியல் துறை வழியில் நிலைமை தலைகீழ். இங்கே கேள்வி உங்களுடையது. எந்த மரபணுவைப் பார்க்க வேண்டும், எது நல்ல கட்டுப்பாட்டு மாதிரி, எந்த முடிவு உயிரியல்ரீதியாக நம்பத்தகாதது என்று உங்களுக்குத் தெரியும். குறை எங்கே என்றால், அநேகமாக அந்த ஆய்வகத்தில் நிரல் எழுதத் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். உங்கள் நிரலைப் படித்துப் பார்த்து, இந்த வரி தவறு என்று சொல்ல ஆளிருக்காது. மனித ஜீனோமின் 2009 பதிப்பையும் 2013 பதிப்பையும் கலந்துவிட்டால் இட எண்கள் எல்லாம் மாறிப்போகும். ஒரு கோப்பு வகை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும், இன்னொன்று ஒன்றிலிருந்து எண்ணும். ஒரு எழுத்து தள்ளிப்போனால் வேறொரு மரபணு மாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். இவை பிழைச் செய்தி காட்டாத பிழைகள், இன்னொருவர் பார்த்தால்தான் அகப்படும்.

இதில் மிகவும் பிரபலமானது எக்செல் விவகாரம். செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிவிடும். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகக் காட்டியது. கடைசியில் 2020-ல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. உயிரியல் ஆய்வகங்களில் தரவைக் கையாளும் ஒழுங்கை யாரும் முறையாகச் சொல்லித்தராததால் வந்த நிலை இது என்றுதான் நான் நினைக்கிறேன். மரபியல் துறையில் சேர்வதாக இருந்தால், கணினித் துறையில் குறைந்தது இரண்டு மூன்று பாடங்களையாவது மதிப்பெண்ணோடு எடுக்க அந்தப் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு அபாயமும் உண்டு. ஒரே நிரலாளராக இருக்கும் மாணவரிடம் ஆய்வகத்தில் எல்லோருடைய தரவும் வந்து சேரும். பத்துப் பேருடைய கட்டுரைகளில் நடுவில் உங்கள் பெயர் வரும், உங்கள் ஆய்வேடு மட்டும் நகராது. உதவி செய்வது நல்லதுதான், ஆனால் எந்த வேலை உங்களுடையது என்பதைத் தொடக்கத்திலேயே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது புள்ளியியல். இந்த வழியைப் பலரும் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். மனித ஜீனோமில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. நோயாளிகளுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் இடையே ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியாகச் சோதித்து, 0.05 என்ற வழக்கமான வரம்பை (வேறுபாடு இல்லாதபோதும் தற்செயலாகத் தவறு நேர 5% வாய்ப்பு) வைத்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் முக்கியமானவையாகத் தெரியும். அவற்றை வைத்துக் கதை எழுதுவது எளிது, அப்படி எழுதப்பட்ட கதைகளும் ஏராளம். ஜீனோம் முழுவதும் தேடும் ஆய்வுகளில் வரம்பை 0.00000005 என்று வைப்பதற்குக் காரணம் இதுதான்: ஒன்றோடொன்று சாராத சுமார் 10 லட்சம் சோதனைகள் நடக்கின்றன என்ற கணக்கில் 0.05-ஐ வகுத்திருக்கிறார்கள்.

அதோடு முடிவதில்லை. நோயாளிகள் குழுவில் ஒரு பரம்பரையைச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் அதிகமாக இருந்துவிட்டால், அந்தப் பரம்பரையில் பரவலாக உள்ள எந்த மரபணு வேறுபாடும் நோயோடு தொடர்புள்ளது போலக் காட்சி தரும். இன்னொரு பக்கம், ஆர்என்ஏ ஆய்வுகளில் ஒரு நிலைக்கு மூன்றே மாதிரிகள்தான் பெரும்பாலும் இருக்கும். மூன்று எண்களை வைத்து ஒரு மரபணுவின் ஏற்ற இறக்கத்தை எப்படி மதிப்பிடுவது? 2014-ல் வந்த டிஇசீக்2 போன்ற கருவிகள், ஆயிரக்கணக்கான மற்ற மரபணுக்களிடமிருந்து தகவலைக் கடன் வாங்கி அந்த மதிப்பீட்டைத் திருத்துகின்றன. அதை ஓடவிட ஒரு வரி போதும். ஆனால் அந்தக் கடன் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று சொல்ல, புள்ளியியலை முறையாகப் படித்திருக்க வேண்டும். கணிதத்திலிருந்தோ இயற்பியலிலிருந்தோ வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. குறை என்று சொன்னால், உயிரியலையும் சோதனை முறைகளையும் நீங்களேதான் தேடிப்போய்ப் படிக்க வேண்டும். பெரிய அல்காரிதங்களை வடிவமைக்கும் பயிற்சியும் இங்கே குறைவு.

சரி, யாருக்கு எது? உயிரியல் பட்டதாரிக்கு உயிரித் தகவலியல் எம்.எஸ்சி. நல்ல தேர்வு, அதில் அல்காரிதமும் நிகழ்தகவும் கனமாக இருந்தால் மட்டும். பைதான், ஆர், லினக்ஸ் கட்டளைகள் ஆகியவற்றுக்காக ஒரு பட்டம் படிக்க வேண்டியதில்லை. உயிரித் தகவலியல் பயிற்சிக்கான ரோசலிண்ட் இணையதளத்தில் இருக்கும் கணக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலே நிரலாக்கம் கைவரும். ஆனால் பேயிஸ் தேற்றம் (புதிய தகவல் வந்ததும் நிகழ்தகவைத் திருத்துவது), ஈஎம் அல்காரிதம் (விடுபட்ட தகவலோடு மதிப்பிடுவது) ஆகியவற்றைத் தனியாகப் படித்து, சரியாகத்தான் புரிந்ததா என்று தனக்குத்தானே சோதித்துக்கொள்வது மிகவும் கடினம். அங்கே ஆசிரியரும் வீட்டுப்பாடமும் தேர்வும் வேண்டும்.

கணினிப் பட்டதாரிக்கு அறிமுக உயிரித் தகவலியல் பட்டத்தை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். தெரிந்த நிரலாக்கத்தையே மறுபடி படிப்பதில் பாதி நேரம் போய்விடும். மெண்டல் விதிகளையும் மரபணு எப்படிப் புரதமாகிறது என்பதையும் பாடநூலில் படித்துவிடலாம். கிடைக்காதது சோதனைப் புத்திதான். அதனால் தரவைத் தாங்களே உருவாக்கும் குழுவில், கணிப்பீட்டு உயிரியல் ஆய்வு முதுநிலையிலோ பிஎச்.டி.யிலோ சேர்வது மேல். மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்குத் தங்கள் துறைக் கேள்வியே பெரிய சொத்து. அதை விட்டுவிடாமல் புள்ளியியல் பக்கம் ஒரு முதுநிலை சேர்த்துக்கொண்டால் போதும்.

முதுநிலையா, பிஎச்.டி.யா என்பதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. இருக்கும் முறைகளைச் சரியாகப் பயன்படுத்தி, பைப்லைன் (பகுப்பாய்வுப் படிகளின் தானியங்கித் தொடர்) கட்டி, மருத்துவமனைத் தரவிலோ நிறுவனத் தரவிலோ வேலை செய்ய விருப்பம் என்றால் நல்ல முதுநிலைப் பட்டம் போதும். புதிய முறைகளை உருவாக்க வேண்டும், எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும் என்றால் பிஎச்.டி. வேண்டும். அது பல ஆண்டு உழைப்பு. இந்தத் துறையில் அதற்குப் பெரும்பாலும் உதவித்தொகை இருக்கும், முதுநிலைக்குப் பெரும்பாலும் கைக்காசு செலவாகும். பணத்தை மட்டும் பார்த்து பிஎச்.டி.க்குள் போகிறவர்கள் நடுவில் தளர்ந்துபோவது உண்டு. ஆராய்ச்சி தனக்குச் சரிப்படுமா என்ற சந்தேகம் இருந்தால், ஆய்வேடு பெரிதாக உள்ள முதுநிலையை முதலில் முடித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆல்ஃபாஃபோல்டு 2020-ல் நடந்த காஸ்ப் போட்டியில் புரத வடிவக் கணிப்பில் மற்ற எல்லா முறைகளையும் வெகுதூரம் பின்தள்ளியது. அந்தக் கணிப்பையே ஆய்வேட்டுத் தலைப்பாக வைத்திருந்த பல மாணவர்கள் திசை மாற வேண்டியிருந்தது. ஆனால் அந்த மாதிரிக்குப் பயிற்சி கொடுத்தது எது? 1971-ல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில், சோதனையாளர்கள் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து சேர்த்துவைத்த சுமார் 1,70,000 புரத வடிவங்கள். நிரல் எழுதித்தரும் உதவியாளர்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. வந்த முடிவு நம்பத்தக்கதா என்று பார்க்கும் வேலை இன்னும் மனிதர்களிடம்தான் இருக்கிறது. அதனால் வெறும் நிரலாக்கப் பயிற்சிக்காக ஒரு பட்டத்தில் சேர்வது முன்பைவிட இப்போது பலவீனமான தேர்வு.

துறை எதுவாக இருந்தாலும், வழிகாட்டியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் குழு தன் நிரல்களை வெளியே பகிர்கிறதா, போய் ஓடவிட்டால் ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தற்போதைய மாணவர்கள் இருவரிடமாவது, வழிகாட்டி உடன் இல்லாத நேரத்தில் பேசுங்கள். இரண்டு வழிகாட்டிகள் என்றால், அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் யார் சொல்வது நிற்கும் என்பதை நேராகவே கேட்கலாம், அதில் தவறில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், விண்ணப்பிப்பதற்கு முன் சில வாரங்கள் ஒதுக்கி ஒரு சோதனை செய்து பாருங்கள். பொதுத் தரவுத்தளத்திலிருந்து ஈஸ்ட்டின் ஆர்என்ஏ தரவு ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். மனிதத் தரவு வேண்டாம். ஈஸ்ட் ஜீனோம் 1.2 கோடி எழுத்துதான், மரபணுக்கள் சுமார் 6,000, சாதாரண மடிக்கணினியே தாங்கும். அந்தத் தரவை வெளியிட்ட கட்டுரையில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, மூலத் தரவிலிருந்து தொடங்கி அதே படத்தை நீங்களே உருவாக்க முயலுங்கள். கட்டளைகளும் நிறுவல்களும் மட்டும் படுத்தினால் கவலை வேண்டாம், பழகப் பழகச் சரியாகும். எண்களை ஏன் இப்படிச் சமன்படுத்துகிறார்கள், இந்தப் பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடு இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு) எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் நின்றுவிட்டால் புள்ளியியல் கனமாக உள்ள படிப்பைத் தேடுங்கள். படம் வந்துவிட்டது, ஆனால் அது என்ன சொல்கிறது, எந்த ஒப்பீடு விட்டுப்போயிருக்கிறது என்று புரியவில்லை என்றால் சோதனையும் செய்யும் மரபியல் குழு வேண்டும். இந்தப் படி ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது, இதை வேறு மாதிரி எழுதலாமே என்று கை பரபரத்தால் கணினித் துறைக்கே விண்ணப்பித்துவிட்டு, இரண்டாவது வழிகாட்டியாக ஓர் உயிரியலாளரை இப்போதே தேட ஆரம்பியுங்கள்.